உறங்க இடம் போதவில்லை

செப்டம்பர் 9

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தச் சொல் இன்னும் செல்லுமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன் புது விலாசத்தை உன் அம்மாவிடம் கேட்டேன். அவர் கொடுக்கத் தயங்கினார். "கம்ப்யூட்டர்ல ஒரு சந்தேகம் சம்பந்தியம்மா, வேற எதுவும் கேக்க மாட்டேன்" என்று சொன்ன பிறகுதான் கொடுத்தார்.

போனில் பேசலாம் என்றால் என் காது உனக்குத் தெரியும். போன வருஷம் ஆபீஸிலிருந்து "ஸ்வாப் எவ்வளவு இருக்குன்னு பாருங்க மாமா" என்றாய். நான் சோப் என்று நினைத்து, குளியலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து "ரெண்டு இருக்கு" என்றேன். மெயில் போடலாம் என்றால் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவன் என் மகன். பாஸ்வேர்டு அவனிடமும் இருக்கிறது. அதனால் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். ஜூலை 26-ஆம் தேதி அவன் கம்ப்யூட்டரில் மெமரியைக் கூட்டினான். "நாலு ஜிபி இருந்துச்சு, எட்டு ஆக்கிட்டேன்ப்பா. இனிமே பறக்கும்" என்றான். பகலில் பறக்கத்தான் செய்கிறது. ஆனால் காலையில் திறந்தால் ஒன்றரை நிமிஷம் கறுப்புத் திரையில் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிறது. அதுகூடப் போகட்டும். முந்தின நாள் பாதியில் விட்ட வேலை காணோம்.

நீ போட்டுக்கொடுத்த நிலாப் பட்டன் ஞாபகம் இருக்கிறதா? சாயங்காலம் அதை அழுத்துவேன், திரை கறுக்கும், இருநூறு எண்ணுவேன், சுவரில் சுவிட்சை அணைப்பேன். மறுநாள் விட்ட இடத்திலேயே திறக்கும். மூன்று வருஷமாக அதுதான் பழக்கம். தாள் முடிகிற அன்றைக்கு மட்டும் சேமிப்பேன். இப்போது காலையில் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி திறக்கிறது. அவனிடம் சொன்னால், "பட்டன்ல ஒண்ணும் கோளாறு இல்லப்பா, நான் பாத்துட்டேன். நீங்க அழுத்த மறந்துட்டு நேரா சுவிட்ச அணைச்சிருப்பீங்க" என்கிறான்.

முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை சந்தேகம் வந்தது. மூன்றாம் தடவையிலிருந்து என் டைரியில், பட்டனை அழுத்தியதும் ஒரு டிக் போட ஆரம்பித்தேன். இப்போது டிக் இருக்கிறது, வேலை இல்லை. அழுத்திவிட்டு டிக் போட்டேனா, டிக் போடும் பழக்கத்தில் அழுத்தாமலே போட்டேனா, சொல்லத் தெரியவில்லை. இதுவரை ஏழு தடவை. ஏழில் ஒன்று பெரிய தப்பாகப் போய்விட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது கை வரவில்லை.

மறப்பது நானா, அதுவா? இதற்கு மட்டும் பதில் சொல்.

மாமா


செப்டம்பர் 14

மாமாவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் பயந்துவிட்டேன். அவனுக்கு என்னவோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என் மேலேயே எரிச்சலும் வந்தது. ஒன்றும் இல்லை, விடுங்கள்.

நான் இப்போது ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். நாற்பது கம்ப்யூட்டர், நாற்பதும் கிழம். அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே. நன்றாக இருக்கிறேன். இதைக் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறீர்கள், கேட்காமலே சொல்லிவிட்டேன்.

நீங்கள் அழுத்தினீர்களா இல்லையா என்று ஊகத்தில் சொல்ல மாட்டேன். பார்த்துத்தான் சொல்வேன்.

நிலாப் பட்டன் செய்யும் வேலை இது. திரையைக் கறுப்பாக்கும். பிறகு மெமரியில் திறந்திருப்பதை எல்லாம் டிஸ்கில் ஓர் ஒதுக்குப்புறத்தில் எழுதி வைத்துவிட்டு இயந்திரத்தை அணைக்கும். அந்த ஒதுக்குப்புறத்துக்குத்தான் ஸ்வாப் என்று பெயர் (நீங்கள் குளியலறையில் எண்ணியது வேறு). உங்கள் வரைபடம் பெரிதாகி மெமரி நிரம்பி வழிந்தாலும் வழிந்தது அங்கேதான் போகும். நான் வாங்கிக் கொடுத்தபோது நாலு ஜிபிதான் மெமரி, அதனால் ஸ்வாப்புக்குப் பன்னிரண்டு ஒதுக்கியிருந்தேன். டிஸ்கின் இரண்டாம் பகுதி அது.

தனித்தாளில் மூன்று கட்டளைகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறேன். கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒவ்வொன்றாக அடியுங்கள். திரையில் வருவதை அப்படியே எழுதி அனுப்புங்கள். இவை மூன்றும் பார்க்க மட்டும்தான், எதையும் மாற்றாது. பயப்பட வேண்டாம்.

அவனிடம் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டால் என்ன சொன்னான் என்பதையும், எந்தத் தேதியில் சொன்னான் என்பதையும் எழுதி வையுங்கள்.

—


செப்டம்பர் 18

அன்புள்ள மருமகளுக்கு,

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறாய். நானும் வரைபடக்காரன்தான், கோட்டுக்கு அர்த்தம் தெரியும் என்று நினைத்தேன். இந்தக் கோடு புரியவில்லை.

மூன்று கட்டளையும் அடித்தேன். வந்ததை இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன். 'ஸ்வாப்' என்ற வரிசையில் மூன்று சுழியம். இரண்டாவதில் ஒன்றுமே வரவில்லை, வெறும் கோடு மினுங்கியது. அதுவும் ஒரு பதிலா என்று தெரியாததால் 'வெறுமை' என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவதில் டிஸ்கின் பகுதிகள் வந்தன. நீ சொன்ன இரண்டாம் பகுதி பன்னிரண்டு ஜிபி இருக்கிறது. ஆனால் அதன் பக்கத்தில் 'வீடியோ' என்று பெயர் போட்டிருக்கிறது. என்னிடம் வீடியோ எதுவும் இல்லை.

அவனிடம் கேட்டேன். தேதி செப்டம்பர் 17, மாலை, ஷூ கழற்றும்போது.

"நீ ஸ்வாப்ப எடுத்துட்டியா?"

"எட்டு ஜிபி மெமரி இருக்கறப்ப ஸ்வாப் எதுக்குப்பா? அதெல்லாம் பழைய காலம்."

"அப்ப எடுத்துட்டியா?"

"நான் எதையும் எடுக்கலப்பா. யாரு உங்களுக்கு இதெல்லாம் சொல்றது?"

பக்கத்தில் வந்து, என் நல்ல காதுப் பக்கமாகத்தான் சொன்னான். எடுக்கத் தேவை இல்லாததால் எடுத்தானா, எடுக்கவே இல்லையா, இரண்டும் ஒரே மூச்சில் எப்படி என்று சாப்பிடும்போதும் யோசித்தேன். யாரு சொன்னது என்று கேட்டதற்கு "புஸ்தகத்துல படிச்சேன்" என்றேன். பொய் சொல்லி ரொம்ப நாள் ஆகிவிட்டது, முகம் சூடாகிவிட்டது.

அந்தப் பெரிய தப்பை இப்போது எழுதிவிடுகிறேன். தண்ணீர் ஆபீஸ் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை உனக்குத் தெரியும். பூமிக்கடியில் குழாய் போகும் பழைய தாள்களை ஸ்கேன் செய்து, ஓரம் ஓரமாக ஒட்டி, பின்னால் செய்த மாற்றங்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் 21 அன்று ஒரு தெருமுனையில் வால்வு இருக்கும் இடத்தைத் திருத்தினேன். முப்பது அடி தள்ளி, மருந்துக் கடை பக்கம். அந்த வால்வை வைத்தபோது நான் அங்கே நின்றவன். மறுநாள் தாளை அச்சடித்து அனுப்பினேன். அதில் திருத்தம் இல்லாததை நான் கவனிக்கவில்லை. பழைய இடத்தில் தோண்டினார்கள். அங்கே வேறொரு குழாய் போனது, உடைந்தது. இரண்டு நாள் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் இல்லை.

இன்ஜினியர் வீட்டுக்கு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, இவனிடம் பேசினார். காது கேட்காவிட்டாலும் உதடு தெரியும். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு சார்" என்று இவன் சொன்னது நன்றாகத் தெரிந்தது.

மாமா


செப்டம்பர் 22

மாமாவுக்கு,

சுழியம் மூன்றையும் பார்த்தேன். வெறுமையும் ஒரு பதில்தான். அதுதான் சரியான பதில். ஸ்வாப் இல்லை.

நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். மெமரியைக் கூட்டிய அன்று, இனி ஸ்வாப் வேண்டாம் என்று முடிவு செய்து, அந்தப் பன்னிரண்டு ஜிபி பகுதியை அழித்து, தன் வீடியோக்களைப் போட்டுவைக்கும் இடமாக மாற்றியிருக்கிறான். தொடக்கத்தில் தேட வேண்டியவற்றின் பட்டியலில் பழைய ஸ்வாப்பின் பெயர் அப்படியே இருக்கிறது. காலையில் ஒன்றரை நிமிஷம் காத்துக்கொண்டு நிற்பது அதற்காகத்தான். இல்லாத ஒன்றைத் தேடுகிறது. கிடைக்காததும் சலித்துப்போய் மேலே போகிறது.

முன்பு நாலும் பன்னிரண்டும் சேர்த்துப் பதினாறு இருந்தது. இப்போது வெறும் எட்டு. அவன் மெமரியை இரட்டிப்பாக்கினான், மொத்தத்தைப் பாதியாக்கினான். இதைப் பலபேர் செய்கிறார்கள். தப்பு செய்வது பெரிய விஷயம் இல்லை.

நிலாப் பட்டனை அழுத்தினால் திரை மட்டும் கறுக்கும். எழுதி வைக்க இடம் இல்லாததால் இயந்திரம் உறங்காமல் விழித்தபடியே இருக்கும். நீங்கள் இருநூறு எண்ணிவிட்டு சுவிட்சை அணைப்பீர்கள். திறந்திருந்தது எல்லாம் போய்விடும். இனி அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சேமித்து, முறையாக நிறுத்துங்கள்.

ஆனாலும் இது, அழுத்தினால் இப்படி ஆகும் என்பதற்குத்தான் பதில். நீங்கள் அழுத்தினீர்களா என்பதற்கு இன்னும் பதில் இல்லை. இயந்திரம் தனக்கு நடப்பதை எல்லாம் நேரம் போட்டுக் குறித்து வைக்கும். இரண்டாம் தாளில் இருக்கும் ஒரு கட்டளை, ஜூலை 26-இலிருந்து அந்தக் குறிப்புகளை எடுத்துக் காட்டும். உறக்கம், நிறுத்தம் சம்பந்தமான வரிகளை மட்டும் எழுதி அனுப்புங்கள். கூடவே உங்கள் டைரியிலிருந்து அந்த ஏழு தேதிகளும்.

உங்கள் எழுத்து அச்சைவிடத் தெளிவாக இருக்கிறது. இங்கே தலைமை நூலகர் பார்த்துவிட்டு யார் எழுதியது என்று கேட்டார். உறவுக்காரர் என்றேன்.


செப்டம்பர் 27

அன்புள்ள மருமகளுக்கு,

வரிகளை எழுதி முடிக்க இரண்டு நாள் ஆனது. ஒரே மாதிரி ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. என் ஆங்கிலத்தில் அதற்கு அர்த்தம், 'உறங்க இடம் போதவில்லை' என்பது. நேரமும் இருக்கிறது. எல்லாம் மாலை ஐந்தரை, ஐந்தே முக்கால். அது நான் எழுந்திருக்கும் நேரம்தான். படிக்கப் படிக்க ஒரு தெம்பு வந்தது. ஆனால் நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தேதிகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன், நீயே பார். நான் பார்த்தால் எனக்குச் சாதகமாகப் பார்ப்பேன்.

அக்டோபர் 10-ஆம் தேதி ஞாபக மறதி டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போக அவன் நேரம் வாங்கியிருக்கிறான். "சும்மா ஒரு செக்கப்தான்பா" என்றான். அன்றிலிருந்து அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை பார்க்கிறேன். சாவி பையில் இருக்கிறதா என்று வாசலில் நின்று தடவிப் பார்க்கிறேன். நேற்று வாழைப்பழம் வாங்கப் போய், கடைக்காரர் முன்னால் எதற்கு வந்தேன் என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். இது முன்பும் உண்டா, இப்போதுதானா? முன்பு நான் எண்ணிப் பார்த்தது இல்லை.

வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்றேன். இரண்டு கடிதம் வரை தாங்கினேன். நீ ஏன் போனாய்? அவனைக் கேட்டால் "வேலை கெடச்சுது, போயிட்டா" என்கிறான். வேலைக்குப் போகிறவள் தன் அரிசி அளக்கும் டம்ளரைக்கூட எடுத்துக்கொண்டா போவாள்?

பதில் எழுதப் பிடிக்காவிட்டால் விட்டுவிடு. சரி செய்யும் கட்டளைகளோடு மூன்றாம் தாளை மட்டும் அனுப்பு.

மாமா


அக்டோபர் 1

மாமாவுக்கு,

முதலில் உங்கள் விஷயம்.

ஏழு தேதிகளையும் ஒப்பிட்டேன். ஆறு நாள் நீங்கள் நிலாப் பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள். ஆறு நாளும் இயந்திரம் இடம் போதவில்லை என்று சொல்லியிருக்கிறது. அதைத் திரையில் காட்டாமல் தன் குறிப்பில் மட்டும் எழுதிக்கொண்டது. அந்தப் பட்டனை அப்படி அமைத்தது என் தப்பு. அந்த நாட்களில் நீங்கள் போட்ட டிக்கெல்லாம் சரி. நீங்கள் மறக்கவில்லை.

ஏழாவது ஆகஸ்ட் 21. அன்று நீங்கள் டிக் போட்டிருக்கிறீர்கள். ஆனால் குறிப்பில் உறக்கம் பற்றி எதுவும் இல்லை. மாலை 5.10-க்கு இயந்திரம் மெனு வழியாக முறைப்படி நிறுத்தப்பட்டிருக்கிறது. அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. ஆறைப் பார்த்த பிறகு ஏழாவதையும் இயந்திரத்தின் தலையிலேயே கட்டிவிடலாம் என்று தோன்றியது. ஒரு மணி நேரம் அப்படியே எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். உங்களிடம் பொய் சொன்னால் நான் அந்த வீட்டைவிட்டு வந்ததற்கே அர்த்தம் இல்லை.

நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள்.

போன ஜனவரியில் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் வர வேண்டியிருந்தது. வரவில்லை. தேதி போன பிறகு போன் செய்து கேட்டால் அனுப்பிவிட்டோம் என்றார்கள். அவனிடம் கேட்டேன். "வந்துச்சே, உன் கையிலதான குடுத்தேன். நீதான் எங்கயோ வெச்சுட்ட" என்றான். இரண்டு நாள் தேடினேன். நீங்களும் அலமாரியை நகர்த்தித் தேடினீர்கள். கடைசியில் "கொஞ்சம் கவனமா இரும்மா" என்றீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நானே அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது ஒன்று மட்டும் என்றால் வந்திருக்க மாட்டேன். மூன்று வருஷம். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யச் சொன்னதை மறப்பான், "நீ சொல்லவே இல்ல" என்பான். வருகிறேன் என்ற நேரத்துக்கு வர மாட்டான், "ஏழுன்னுதான சொன்னேன், நீ ஆறுன்னு நெனச்சுட்ட" என்பான். சத்தம் போட மாட்டான். அன்பாகத்தான் சொல்வான், தலையைத் தடவிக்கொண்டு. அதுதான் குழப்பியது. நான் நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். பிறகு அந்த நோட்டையே நம்ப முடியாமல் போனது. உங்கள் டிக்கைப் பற்றிப் படித்தபோது அந்த நோட்டுத்தான் ஞாபகம் வந்தது மாமா.

அவன் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. தப்பு தன்னுடையது என்று ஒரு நிமிஷம்கூட அவனால் நிற்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை யாராவது சுமக்க வேண்டியிருக்கிறது.

இனி ஸ்வாப். மெமரியைப் போல இரண்டு மடங்கு என்று பழைய கணக்கு சொல்லும். அது மெமரி கொஞ்சமாக இருந்த காலத்துக் கணக்கு. உங்களுக்கு மெமரி எட்டு. அதை முழுதாக எழுதி வைக்க எட்டு வேண்டும், பெரிய வரைபடம் வழிந்தால் அதற்குக் கொஞ்சம் மேலே. பன்னிரண்டு தாராளம். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, அவன் தன் வீடியோக்களை எடுத்துக்கொண்டு அந்தப் பகுதியைத் திருப்பிக் கொடுப்பது. ஐந்தே கட்டளை. ஆனால் அவனிடம் கேட்க வேண்டும். இன்னொன்று, உங்கள் பகுதியிலேயே காலியாக இருக்கும் இடத்தில் பன்னிரண்டு ஜிபிக்கு ஒரு கோப்பை உண்டாக்கி, அதை ஸ்வாப் ஆக்குவது. பதினாலு கட்டளை, ஒரு நீளமான எண். அவனுக்குத் தெரியாமல் செய்யலாம். இரண்டுக்கும் தாள் வைத்திருக்கிறேன். எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் மருமகள் (இன்னும் சட்டப்படி)


அக்டோபர் 5

அம்மா,

பதினாலு கட்டளை வழியில் போனேன். அளவு போடும் இடத்தில் ஒரு சுழியம் கூடப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. பன்னிரண்டு, நூற்றிருபது ஆகிவிட்டது. ரொம்ப நேரம் ஓடியது. பெரிய வேலை, ஓடத்தானே செய்யும் என்று காத்திருந்தேன். கடைசியில் டிஸ்கில் இடமே இல்லை என்றது. அணைத்துத் திறந்தால் உள்ளே விட மாட்டேன் என்கிறது. வரைபடம் எல்லாம் அதற்குள். மணி நாலு. அவன் ஆறுக்கு வந்துவிடுவான். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்வதற்குள் என்ன ஆகுமோ தெரியாது. ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

நாற்பது வருஷம் வரைபடத்துக்கு அளவு போட்டுச் சாப்பிட்டவன். ஒரு சுழியம்.

மாமா


அக்டோபர் 12

அன்புள்ள மருமகளுக்கு,

முந்தின கடிதத்தைப் படித்துக் கலங்கியிருப்பாய். வரைபடம் பத்திரமாக இருக்கிறது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தப்பினால் எனக்கே புரியாது.

அவன் வந்தான். திரையைப் பார்த்தான். "என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? இதுக்குத்தான் எதையும் தொடாதீங்கன்னு சொன்னேன்." மேஜையிலிருந்த உன் தாள்களை எடுத்தான். உன் கையெழுத்து இல்லை, அச்சுதான். ஆனால் யார் என்று உடனே தெரிந்துவிட்டது அவனுக்கு. உட்கார்ந்துவிட்டான்.

நான் டைரியையும், எழுதி வைத்த வரிகளின் நகலையும் அவன் முன்னால் வைத்து, ஆறு தேதிக்கும் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். "இதுல என்ன எழுதியிருக்குன்னு நீயே படி" என்றேன். படித்தான். வழக்கம் போல ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். பிறகு என் நல்ல காதுப் பக்கம் வந்து, "நான்தான்பா எடுத்தேன். தேவைப்படாதுன்னு நெனச்சேன். அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சதுக்கு அப்புறம் சொல்ல முடியல" என்றான்.

"எப்ப தெரிஞ்சுது?"

"இன்ஜினியர் வந்த அன்னிக்கு."

அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவன் தலையில் நரை விழுந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தேன்.

அவன்தான் ஒரு பென் டிரைவிலிருந்து இயந்திரத்தைத் திறந்து, நான் உண்டாக்கிய நூற்றிருபதை அழித்தான். வீடியோக்களை வேறு டிஸ்குக்கு மாற்றினான். எல்லாம் கேமராவை மாடியில் வைத்து எடுத்த மழை. மழையைப் போய் எதற்கு எடுத்தாய் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பிறகு உன் ஐந்து கட்டளைத் தாளை எடுத்து அவன் உரக்கப் படித்தான், நான் அடித்தேன். ஸ்வாப் வரிசையில் இப்போது பன்னிரண்டு இருக்கிறது. காலையில் உடனே திறக்கிறது. நிலாப் பட்டனை மூன்று நாள் சோதித்தேன், மூன்று நாளும் விட்ட இடத்தில் திறந்தது.

இனிமேல்தான் குழப்பம். எழுந்து போகும்போது அவன் கதவருகில் நின்று, "ஆகஸ்ட் 21-ம் நான்தான்பா. அன்னிக்கு சீக்கிரம் வந்துட்டேன். நீங்க பாத்ரூம்ல இருந்தீங்க. நான்தான் ஆஃப் பண்ணேன்" என்றான்.

அன்று அவன் சீக்கிரம் வந்தானா? எனக்கு ஞாபகம் இல்லை. வந்திருக்கலாம். என் டிக் இருக்கிறதே. கறுத்த திரையைப் பார்த்து, அழுத்திவிட்டோம் என்று நினைத்து டிக் போட்டிருக்கலாம். அப்படியானால் உண்மை. ஆனால் இத்தனை வருஷம் செய்த தப்பையே ஒத்துக்கொள்ளாதவன், ஒரே நாளில் இரண்டை ஒத்துக்கொள்கிறான். இரண்டாவது, அப்பா பாவம் என்று எனக்காகச் சொன்னதா? பொய் சொல்லிப் பழகியவன் முதல் தடவையாக அன்புக்காகப் பொய் சொன்னானா? உண்மையை முதல் தடவையாகச் சொல்பவனை நான் நம்பாமல் இருக்கிறேனா? நீ சொல் என்று கேட்க மாட்டேன். உனக்கும் தெரிய வழி இல்லை.

அதனால் பத்தாம் தேதி டாக்டரிடம் நானே போனேன். அவன் வேண்டாம் என்றான். அந்த ஒரு நாளுக்காகப் போகிறேன் என்றேன். டாக்டரம்மாவுக்கு வயது முப்பது இருந்தால் அதிகம். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். காம்பஸ் இல்லாமல் இவ்வளவு வட்டமா என்றார். ஐந்து சொல் சொல்லி, கொஞ்சம் கழித்துக் கேட்டார். நாலு வந்தது. ஐந்தாவது இந்த நிமிஷம் வரை வரவில்லை. "இந்த வயசுக்கு இது சரிதான். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். இன்ஜினியருக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன், ஆகஸ்ட் 21 எனக்கே விளங்கவில்லை என்பதையும் சேர்த்து. அடுத்த கட்டுத் தாள்களை அனுப்பியிருக்கிறார்.

ஜனவரி மாதம் "கொஞ்சம் கவனமா இரும்மா" என்று நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மன்னித்துவிடு என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அவன் உன் விலாசம் கேட்டான். கொடுத்தேன். தப்பா?

மாமா


அக்டோபர் 20

மாமாவுக்கு,

விலாசம் கொடுத்தது தப்பில்லை. அவனிடமிருந்து தபால் வந்தது. பெரிய உறை. உள்ளே இன்னொரு உறை இருந்தது, என் பெயருக்கு வந்தது, பிரிக்காதது. அந்த நேர்முகத் தேர்வுக் கடிதம். கூட ஒரு துண்டுத்தாள்: 'உன் கையில் கொடுக்கவில்லை. என் பையில் இருந்தது. மார்ச்சில் கிடைத்தது. சொல்லவில்லை.' நாலு வாக்கியம். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அதுவே அதை நம்ப வைத்தது.

நூலகத்தில் புத்தக அலமாரிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். மூன்று வருஷமாக இப்படி ஓர் ஒப்புதலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இது வந்தால் பெரிய சந்தோஷம் வரும், இல்லாவிட்டால் பெரிய கோபமாவது வரும் என்று நினைத்தேன். இரண்டும் வரவில்லை. யாரோ ஒரு மாணவன் வந்து பதினேழாம் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்றான். போய்ப் பார்த்தேன். மின்கம்பி கழன்றிருந்தது. மாட்டினேன்.

அன்று சாயங்காலம் அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். 'பரவாயில்லை' என்று எழுதினேன், அது உண்மை இல்லை. 'ஏன் இவ்வளவு நாள்' என்று எழுதினேன், அதற்குப் பதில் எனக்குத் தெரியும். கடைசியில் 'கிடைத்தது' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆகஸ்ட் மாதத்திலிருந்து என் மேஜையில் கிடந்தது அது. என்னால் கையெழுத்துப் போட முடியாமல் இருந்ததற்குக் காரணம், ஒருவேளை எல்லாம் என் தப்போ, நான்தான் மறக்கிறேனோ என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்தை அவனே தீர்த்து வைத்தான். அதற்கு நன்றி சொல்லவும் தோன்றியது, அழவும் தோன்றியது. அவன் மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் நான் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டேன். இப்போது சொன்னதால் பிரிந்தே போகிறேன். இது நியாயமா என்று எனக்குப் புரியவில்லை. யோசிக்க யோசிக்கப் புரியாமல்தான் போகிறது. ஆனால் கையெழுத்துப் போட்ட இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 21 பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கும் ஒரு பதில் சொல்கிறேன். எனக்கும் தெரியவில்லை. அவன் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சேமியுங்கள்.

பத்திரம் அவனுக்கு வெள்ளிக்கிழமை வந்து சேரும். நீங்கள் அதை அவனிடமிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது, என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன். அன்று அவன் சாப்பிட்டானா என்று பாருங்கள்.

சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். உங்களைப் பார்க்கத்தான். அவன் வீட்டில் இருந்தாலும் இருக்கட்டும். கதவை அவனே திறந்தாலும் சரிதான்.